விரிசல் இடம் மாறிய இருக்கை: 1967 ரோட்ஸ்டர் ஒன்றின் ஃபிரேம் பழுதும் வலுவூட்டலும்

பின்னணி

கார் 1967இல் தயாரான பிரிட்டிஷ் ரோட்ஸ்டர். இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக்கூரை, வலப்பக்க ஸ்டீயரிங். உரிமையாளர் உயரமானவர், எடை 95 கிலோ. காரைக் கண்காட்சிக்கு வைத்திருப்பவர் இல்லை. வாரக் கடைசியில் ஒரே மூச்சில் 300 கி.மீ. ஓட்டுகிறவர். எங்களிடம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் காரின் தரைத் தகடு மாற்றப்பட்டது. அப்போதே ஓட்டுநர் இருக்கையின் ஃபிரேமில் ஒரு விரிசலை வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

இருக்கையின் அமைப்பு எளிமையானது. முக்கால் அங்குல பைப்பை வளைத்துச் செய்த அடிச்சட்டம். அதே பைப்பில் தலைகீழ் 'ப' வடிவில் முதுகுச் சட்டம். இரண்டையும் பக்கத்துக்கு ஒரு கீல் போல்ட் சேர்க்கிறது. முதுகு முன்னால் மடியும். பின்னால் சாயாதபடி இரு பக்கமும் ஒரு சிறு தடுப்பு நாக்கு உண்டு. அடிச்சட்டம் இரண்டு ரன்னர்கள் மேல், அதாவது இருக்கையை முன்பின் நகர்த்தும் தண்டவாளங்கள் மேல், உட்கார்ந்திருக்கிறது. ரன்னர்கள் மரக்கட்டைத் துண்டுகள் மேல் அமர்ந்து நான்கு போல்ட்டுகளால் தரையோடு இறுகியிருக்கின்றன. தலைதாங்கி கிடையாது. அமெரிக்காவில் இருக்கை வலிமைக்கான எஃப்எம்விஎஸ்எஸ் (அந்நாட்டு வாகனப் பாதுகாப்புத் தரம்) 207 விதி நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரி 1 அன்று. தலைதாங்கிக்கான 202 அடுத்த ஆண்டு ஜனவரியில். இந்த இருக்கை இரண்டுக்கும் முந்தியது.

வந்த புகார்

உரிமையாளர் சொன்னவை மூன்று. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் முதுகு இடது தோள் பக்கமாகச் சரிகிறது. கிளட்சை மிதிக்கும்போது சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இடுப்பில் வலி. மூன்றாவதை அவர் தன் வயதின் கணக்கில் எழுதியிருந்தார்.

இருக்கையைக் கழற்றும் முன் காரிலேயே வைத்து ஒரு அளவு எடுத்தோம். முதுகின் மேல் விளிம்பைக் கையால் பின்னுக்குத் தள்ளியபோது உட்பக்கம், அதாவது கியர் பெட்டி பக்கம், 14 மி.மீ. நகர்ந்தது, கதவுப் பக்கம் 4 மி.மீ. இரண்டையும் சாக்பீஸால் தரை விரிப்பிலேயே எழுதி வைத்தோம். அளவுநாடாவால் எடுத்த கரடுமுரடான அளவுதான். பிறகு அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

பிரித்துப் பார்த்ததில் கண்டவை

உறையையும் ஃபோமையும் எடுத்ததும் முதலில் கொட்டியது துரு. அடிச்சட்டத்தைத் தலைகீழாகத் தூக்கித் தட்டினால் பைப்புக்குள்ளிருந்து செதில் செதிலாக ஒரு கைப்பிடி வந்தது. திறந்த கார் என்பதால் மழையில் ஃபோம் நனையும். நனைந்த ஃபோம் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பைப்பின் கீழ்முனைக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். மீயொலித் தடிப்பு மானியால் பைப் சுவரை அளந்தோம். முதுகுத் தூண்களின் மேற்பகுதியில் 1.2 மி.மீ.; கீலிலிருந்து 60 மி.மீ. உயரம் வரை 0.7, 100 மி.மீ. தாண்டியதும் மறுபடி 1.2.

முந்தைய பழுதுவேலை உட்பக்கத் தூணின் கீல் அருகே இருந்தது. 6 மி.மீ. தகடு ஒன்றை வெட்டி, தூணைச் சுற்றிக் குறுக்காக முழு வெல்டு போட்டிருந்தார்கள். தகடு அசையவில்லை, அதன் கீழிருந்த பழைய விரிசலும் திறக்கவில்லை. ஆனால் வெல்டின் மேல் விளிம்பை ஒட்டி, தூணின் முன்முகத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் கீறலாகவும் இருக்கலாம். உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, ஊடுருவும் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். பத்து நிமிடத்தில் வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்து வந்தது. பைப்பின் சுற்றளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

விரிசல் முன்முகத்தில் தொடங்கியது தற்செயல் இல்லை. முதுகைப் பின்னுக்குத் தள்ளும்போது தூணின் முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப வளைவதால் வரும் விரிசல், இழுபடும் பக்கத்தில்தான் வாய் திறக்கும். வெல்டின் விளிம்பில் திறந்ததற்கும் காரணம் உண்டு. 6 மி.மீ. தகட்டை உருக்கும் அளவு சூடு 1.2 மி.மீ. பைப்பின் விளிம்பை அரித்துப் பள்ளமாக்கிவிடும். அதோடு தகடு இருக்கும் வரை தூண் பாறை மாதிரி விறைப்பு, தகடு முடிந்த இடத்தில் திடீரென்று நெகிழ்வு. வளைவு முழுக்க அந்த ஒற்றைக் கோட்டில் விழும். பழைய விரிசல் குணமாகவில்லை, 25 மி.மீ. மேலே குடிபெயர்ந்தது. செய்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கைக்கு வந்தது உடைந்த இடம் மட்டும்தான்; உறையைக் கழற்றாமல் முடித்துத் தரவேண்டிய வேலையாகவும் இருந்திருக்கலாம்.

வேறு சில கோளாறுகளும் இருந்தன. கீல் துளைகள் 8 மி.மீ.க்குப் பதில் நீள்வட்டமாக 9.6 வரை தேய்ந்திருந்தன. 'டக்' சத்தம் இங்கிருந்துதான். அடிச்சட்டத்தில் ரன்னர் போல்ட் நுழையும் இடங்களில் பைப் நசுங்கியிருந்தது: வெற்றுப் பைப்பைக் குறுக்கே துளைத்து போல்ட்டை இறுக்கினால் பைப் சப்பையாகும், சப்பையானால் போல்ட் தளரும், தளர்ந்ததை மறுபடி இறுக்குவார்கள். இருக்கை ஃபோமைக் கீழிருந்து தாங்கும் ரப்பர் விரிப்பான உதரவிதானம் நான்கு கொக்கிகளில் கிழிந்து தொங்கியது. உரிமையாளரின் இடுப்பு வலிக்கு வயது காரணம் இல்லை.

தரையிலிருந்த நான்கு நட்டுகளில் இரண்டின் மரை போயிருந்தது. இந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் 5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவிலான நுண்) மரை, அங்குலத்துக்கு 24 இழை. விட்டம் 7.94 மி.மீ. என்பதால் கடையில் சுலபமாகக் கிடைக்கும் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் பார்வைக்கு ஒத்துவரும். ஆனால் எம்8இன் மரை இடைவெளி 1.25 மி.மீ., இதற்கு 1.06. இரண்டு சுற்று இனிமையாக ஏறும். மூன்றாவது சுற்றிலிருந்து ஸ்பேனர் தன் பலத்தைக் காட்டி நட்டைத் தின்றுவிடும். யாரோ அதைச் செய்திருந்தார்கள்.

நாங்கள் நம்பிய காரணம்

உட்பக்கத் தூண் மட்டும் ஏன் விரிந்தது? துரு இரண்டு தூண்களிலும் ஒரே அளவுதான். எங்களுக்கு உடனே ஒரு விடை கிடைத்தது. கிளட்சை இடது காலால் மிதிக்கும்போது உடல் பின்னுக்குத் தள்ளுவது முதுகின் இடப்பக்கத்தை. வலப்பக்க ஸ்டீயரிங் காரில் ஓட்டுநரின் இடது என்பது உட்பக்கம். நகர நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை கிளட்ச்! விடை பொருத்தமாக இருந்தது, பொய்யும் இல்லை. அது பாதி மட்டுமே என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது.

என்ன செய்வது என்ற முடிவு

வழிகள் மூன்று. தற்காலத்து இருக்கை ஒன்றை அடாப்டர் வைத்துப் பொருத்துவது. புதிதாக ஒரு ஃபிரேம் வளைத்துச் செய்வது. இருப்பதைச் சரிசெய்து வலுவூட்டுவது. முதலாவதை உரிமையாளர் மறுத்தார். அசல் தோலுறை நல்ல நிலையில் இருந்தது, அதன் தையல் அந்த ஃபிரேமின் வளைவுக்கென்றே வெட்டியது. புது ஃபிரேமுக்கு வளைவுகளை நகலெடுப்பது எங்கள் கருவிகளால் சுத்தமாக வராது. மேற்பாதி உலோகம் ஆரோக்கியமாக இருந்ததால் மூன்றாவதைத் தேர்ந்தோம்.

பழைய தகட்டின் மேல் இன்னொரு தகடு போடுவதில்லை என்பது முதல் நாளே முடிவானது. எவ்வளவு வலு வேண்டும் என்பதற்குக் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டோம். கீலுக்கு 400 மி.மீ. மேலே 300 நியூட்டன், ஏறக்குறைய 30 கிலோ எடை தரும் விசை, பின்னுக்குத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளலாம். திருப்புவிசை 120 நியூட்டன் மீட்டர், தூணுக்கு 60. புதுப் பைப்பில், 1.2 மி.மீ. சுவரில், அது கீலருகே சுமார் 212 மெகாபாஸ்கல் தகைவு (ஒவ்வொரு சதுர மி.மீ. உலோகமும் தாங்கும் விசை) தரும். அரித்துப்போன 0.7 மி.மீ. சுவரில் 336. சாதாரண மென் எஃகு வளைந்து நிற்கத் தொடங்கும் எல்லை சுமார் 250. அதாவது இந்த இருக்கை புதிதாக இருந்தபோதே தாராளமாகச் செய்யப்பட்டதில்லை, துரு பிடித்ததும் எல்லையைத் தாண்டிவிட்டது.

தீர்வாக, தூண்களின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து அதே அளவுப் புதுப் பைப் வைத்து, உள்ளே 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் கொண்ட இன்னொரு குழலைச் செருகுவது என்று தீர்மானித்தோம். வெளியே எதுவும் தடிக்காது, உறை பழையபடி பொருந்தும். கீலருகே தகைவு 117க்கு இறங்கும். உட்குழல் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதில்தான் சுவாரசியம். அது எங்கே முடிகிறதோ அங்கே பழைய வெறும் பைப் தனியாகச் சுமக்க வேண்டும். மேலே போகப் போகத் திருப்புவிசை குறையும். கீலிலிருந்து 160 மி.மீ. உயரத்தில் முடித்தால் அந்த இடத்தில் 127 வருகிறது, அடியில் உள்ள 117க்குப் பக்கத்தில். எந்த இடமும் மற்ற இடத்தைவிட ரொம்பக் கஷ்டப்படாது. ஆகவே 160. உட்குழலின் மேல்முனையை நேராக வெட்டாமல் பேனா முள் போலச் சாய்வாக வெட்டினோம், விறைப்பு ஒரே கோட்டில் முடியாமல் மெல்ல மெல்லக் கரைவதற்கு.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 குரோமோலி எஃகுப் பைப் போடலாமே என்று உரிமையாளர் கேட்டார். அதன் உடையும் வலிமை கூடுதல்தான், ஆனால் நெகிழும் தன்மை எந்த எஃகிலும் கிட்டத்தட்ட ஒன்றே. முதுகு சரிவது குறையாது, மென் எஃகோடு சேரும் மூட்டில் பலவீனம் மென் எஃகின் பக்கம் அப்படியே இருக்கும். பணம்தான் கூடும்.

தலைதாங்கிக் கேள்வி

இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீண்ட நேரம் விவாதித்தது இதைத்தான். ஃபிரேம் கையில் இருக்கும்போதே தலைதாங்கி ஒன்றையும் பற்றவைத்துத் தரச் சொன்னார் உரிமையாளர். கோரிக்கையில் நியாயம் இருந்தது. முன்மோதலில் உடலைப் பிடிப்பது பாடியில் நங்கூரமிட்ட பெல்ட். பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் பிடிக்க முதுகுச் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. தாழ்ந்த முதுகுள்ள இருக்கையில் அப்போது தலை பின்னுக்கு வெட்டும்.

எங்கள் தயக்கம் வேறு. தலைதாங்கி என்பது தூணை மேலே நீட்டுவது. அதே விசை 400 மி.மீ.க்குப் பதில் 600இல் விழுந்தால் கீலில் திருப்புவிசை ஒன்றரை மடங்கு. எஃப்எம்விஎஸ்எஸ் 207 முதுகுக்குக் கேட்பது இருக்கைக் குறிப்புப் புள்ளியை (உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு வரும் இடத்தை)ச் சுற்றி 373 நியூட்டன் மீட்டர்; ஐரோப்பாவின் ஈசிஈ 17ஆம் விதிமுறை கேட்பது 530. எங்கள் வலுவூட்டலுக்குப் பிறகும் 373ஐ இரண்டு தூணுக்கும் பங்கிட்டால் கணக்கில் 360 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது. வளையும். வளைந்து தாங்குமா, கீலில் கிழியுமா என்பதை உடைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்களிடம் இருந்தது ஒரே ஃபிரேம். பாதுகாப்பு என்று தோற்றமளித்து, தேவைப்படும் நேரத்தில் கீலோடு பெயர்ந்து வரும் ஒன்றைச் செய்ய மனமில்லை. மறுத்தோம், காரணத்தை எழுதிக் கொடுத்தோம். அவர் ஏற்றுக்கொண்டார், திருப்தியாக இல்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வேலை

வெட்டுவதற்கு முன் ஃபிரேமைத் தட்டையான எஃகு மேசையில் கிளாம்ப் போட்டு, மூலைவிட்டங்களை அளந்து, தற்காலிகக் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தோம். இதைச் செய்யாமல் தூணை அறுத்தால் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு ஃபிரேம் தன் விருப்பத்துக்குத் திரும்பிக்கொள்ளும். உண்மையில் கிளாம்பைக் கழற்றியபோதே உட்பக்க முன் மூலை லேசாக எழும்பியது. பழைய வெல்டிங்கின் சுருக்கம் என்று சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்திக் கிளாம்ப் போட்டோம். ஃபிரேம் அங்கே எங்களிடம் ஒன்றைச் சொன்னது, நாங்கள் கேட்கவில்லை.

துரு நீக்க அமிலத் தொட்டி உபயோகிக்கவில்லை. பைப்புக்குள் தங்கும் அமிலத்தைக் கழுவி எடுப்பது கடினம், பூட்டு நெம்புகோலின் ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். கம்பித் தூரிகையும் அரமும் போதுமாக இருந்தன. வெல்டு போடும் இடங்களை அசிட்டோனால் துடைத்தோம். பிரேக் கிளீனரில் குளோரின் சேர்ந்த வகைகள் உண்டு, அந்த ஈரத்தின் மேல் ஆர்க் அடித்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். ஆகவே பற்றவைப்பு மேசைப் பக்கமே அந்த டப்பா வரக்கூடாது என்பது பட்டறையின் வழக்கம். ரன்னர்களின் துத்தநாகப் பூச்சையும் வெல்டுக்கு முன் தேய்த்தெடுத்தோம். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

தூண்களை கீலுக்கு 110 மி.மீ. மேலே சாய்வாக வெட்டி, உட்குழலைச் செருகினோம். பழைய பைப்பின் உட்சுவரில் தயாரிப்பு வெல்டின் வரம்பு துருத்திக்கொண்டிருந்ததால் வட்ட அரத்தால் ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டியிருந்தது. உட்குழலைப் பிடிக்க 6 மி.மீ. துளைகள் போட்டு நிரப்பு வெல்டு வைத்தோம். துளைகளைத் தூணின் இரு பக்கவாட்டில் மட்டும் போட்டோம், முன்முகத்திலோ பின்முகத்திலோ ஒன்றுகூட இல்லை. முன்னும் பின்னும் வளையும் பைப்பில் பக்கவாட்டு நடுக்கோடு இழுபடுவதும் இல்லை, அமுங்குவதும் இல்லை. காயம் பட வேண்டுமென்றால் அங்கே படட்டும்.

டிக் வெல்டிங், 1.6 மி.மீ. இஆர்70எஸ்-2 எஃகு நிரப்புக் கம்பி, சுமார் 50 ஆம்பியர். ஒரு அங்குலம் போட்டதும் எதிர்ப்பக்கம் போய், கையால் தொடும் சூடு வரும் வரை காத்திருந்து, மறுபடி. தண்ணீர் ஊற்றவில்லை. 6 மி.மீ. தகட்டை அரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 2 மி.மீ. தகட்டில் மூலைத்தாங்கி ஒன்று, நேர் விளிம்பு இல்லாமல் பிறை போல உள்வளைவாக வெட்டி, பக்கவாட்டில் மட்டும் பற்றவைத்தோம். கீல் துளைகளில் தடித்த சுவருள்ள புஷ். ரன்னர் போல்ட் போகும் ஒவ்வொரு இடத்திலும் பைப்பின் குறுக்கே ஒரு சிறு குழல், இனி போல்ட் எவ்வளவு இறுகினாலும் அந்தக் குழல் தாங்கும், பைப் நசுங்காது.

தரை நட்டுகளை வெட்டியெறிந்து, 3 மி.மீ. எஃகில் 60க்கு 70 மி.மீ. தகடுகளில் புது யுஎன்எஃப் நட்டு வைத்துத் தரைக்கு அடியில் பொருத்தினோம். சர்வதேசக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி ஒவ்வொரு பொருத்துமிடத்துக்கும் குறைந்தது 40 சதுர செ.மீ. தாங்குபரப்பு கேட்கிறது. இது பந்தயக் கார் இல்லை, ஆனால் மெல்லிய தரையிலிருந்து நட்டு பிய்ந்துகொண்டு வருவதற்குப் பந்தயம் தேவையில்லை.

மேசையில் தேறியது, காரில் தோற்றது

உறை போடும் முன் சோதித்தோம். ஃபிரேமை மேசையில் போல்ட் போட்டு, தராசுக் கொக்கியால் 300 நியூட்டன் வரை பின்னுக்கு இழுத்தோம். இரு பக்கமும் 6 மி.மீ. நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. ஐம்பது முறை இழுத்துவிட்டு மறுபடி சாயம் பூசினோம், சிவப்பு எங்கும் இல்லை. அன்று மாலை எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காரில் பொருத்தி அதே இழுப்பு. உட்பக்கம் 9, கதவுப் பக்கம் 3. எனக்கு முதலில் வந்த எண்ணம் தராசு தவறு என்பது. சாக்பீஸில் எழுதிய பழைய அளவைப் பார்த்தோம்: 14, 4. எண்கள் குறைந்திருந்தன, விகிதம் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒரு ஃபிரேமை முற்றாக மாற்றிய பிறகும் விகிதம் பெரிதாக மாறாமல் இருந்தால் அது ஃபிரேமின் குணமாக இருக்க முடியாது.

விடையைப் பிடித்தவர் உதவியாளர். போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கும்போது, உட்பக்க முன் போல்ட்டில் நின்று, “அண்ணே, போல்ட் இறுகுது, ஆனா வாஷர் இன்னும் சும்மா சுத்துது” என்றார். ரன்னர் அங்கே தரைக்கு மேல் 5 மி.மீ. அந்தரத்தில் நின்றது. இழுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது போல்ட்டின் மரை மட்டும்தான். நான்கு ஆண்டுக்கு முன் தரைத் தகடு மாற்றியபோது அந்த மூலையின் மரக்கட்டைத் துண்டைத் திரும்ப வைக்க மறந்திருக்கிறார்கள். இறுக்கினால் மூலை கீழே இழுபட்டு உட்பக்க ரன்னர் முன்னுக்குச் சரிகிறது, ஃபிரேம் முறுகுகிறது. முறுகியதால் உட்பக்கத் தடுப்பு நாக்கு முதலில் தொடுகிறது. கதவுப் பக்க நாக்குக்கும் தூணுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைந்து வந்தது. முதுகு இத்தனை காலம் ஒற்றைத் தூணில்தான் சாய்ந்திருக்கிறது.

எங்கள் காகிதக் கணக்கு இரண்டு தூண்களும் பாதிப் பாதி சுமக்கும் என்று எடுத்துக்கொண்டது. அந்த ஒரு ஊகத்தை யாரும் சரிபார்க்கவில்லை. சுமையின் பெரும்பங்கு ஒரு பக்கம் போனால் 117 என்ற எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அதற்கு மேல், முறுக்கிப் போட்ட ஃபிரேமில் ஆள் உட்காராதபோதும் ஒரு நிரந்தர இழுப்பு இருக்கும். சாலையின் ஒவ்வொரு அதிர்வும் அதன் மேல் ஏறும். களைப்பு விரிசலுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது. கிளட்ச் விளக்கம் அழகாக இருந்ததால் தரைப் பக்கம் குனிந்து பார்க்கவே இல்லை. கிளாம்பைக் கழற்றியபோது எழும்பிய மூலையும் இதே மூலைதான். நான்கு ஆண்டு முறுகியே இருந்த உலோகம் அந்த வடிவத்தைப் பழகியிருந்தது.

புது மரக்கட்டை வைத்து, நான்கு தாங்குமிடங்களையும் நேர்விளிம்புச் சட்டமும் ரசமட்டமும் வைத்து ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தோம். எந்த மூலையும் 1 மி.மீ.க்கு மேல் விலகவில்லை. பிறகு இழுத்தபோது இரு பக்கமும் 6, 6. போல்ட்டுகளை 24 நியூட்டன் மீட்டரில் முடித்தோம்.

பூச்சுக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்றோம். தடித்த மெருகின் கீழே விரிசல் மறைந்து வளரும். மெல்லிய சாம்பல் நிறப் பெயின்ட், ஏனென்றால் கறுப்பில் துருக்கோடு தெரியாது. பைப்பின் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. வடிகால் துளை, உள்ளே மெழுகுத் தெளிப்பு. புது உதரவிதானம், ஃபோம், பழைய தோலுறை. மொத்தம் ஆறு வாரம்.

பிறகு நடந்தது

1,000 கி.மீ.யில் திரும்பக் கூப்பிட்டு இறுக்கம் பார்த்தோம். இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. புது மரம் அமுங்கியதுதான் காரணம். பைப்புக்குள் குழல் வைத்தவர்கள் மரத்துக்குள் வைக்கவில்லை. கட்டைகளைத் துளைத்து எஃகுக் குழல் செருகினோம். அதன் பிறகு தளரவில்லை.

14 மாதமும் ஏறத்தாழ 9,000 கி.மீ.யும் ஆன பிறகு உறையின் அடிப்பகுதியைப் பிரித்துக் கீல் மூட்டுகளில் சாயம் பூசிப் பார்த்தோம். விரிசல் இல்லை. முதுகின் நகர்வு உட்பக்கம் 6, கதவுப் பக்கம் 6. 5,000 கி.மீ.க்குப் பிறகு ஒரு புதுச் சத்தம் வந்தது: ரன்னர் பூட்டு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் பூட்டில்லாத ரன்னர் முன்பின் அசைகிறது. அதைத் தேய்மானம் என்று விட்டுவைத்திருக்கிறோம். தலைதாங்கி பற்றி உரிமையாளர் இன்னும் கேட்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இருக்கையைக் கழற்றிய அன்றே தரையை அளந்திருக்க வேண்டும். இப்போது எந்த இருக்கை வந்தாலும் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த மூலை துள்ளுகிறது என்று முதலில் பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு தடுப்பு நாக்குக்கும் தூணுக்கும் நடுவே காகிதம் விட்டுப் பார்ப்பதும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கிளாம்பைக் கழற்றும்போது எந்த மூலை எவ்வளவு எழும்புகிறது என்பதை எழுதி வைத்த பிறகே மறுபடி அழுத்துகிறோம். மேசைச் சோதனையைக் கடைசிச் சோதனையாக வைத்துக்கொள்வதில்லை.

பயணி இருக்கையை அப்போது நாங்கள் தொடவே இல்லை. புகார் இல்லை, உரிமையாளரும் செலவைத் தள்ளிப்போட விரும்பினார். 14 மாதச் சோதனையின்போது சந்தேகத்தில் அதையும் திறந்தோம். தூண்கள் நன்றாக இருந்தன. அடிச்சட்டத்தில் ரன்னர் போல்ட் துளையிலிருந்து 8 மி.மீ. நீள விரிசல். அந்த ஃபிரேம் இப்போது மேசையில் இருக்கிறது. இந்த முறை தரையை முதலில் அளந்தோம்: நான்கு கட்டைகளும் இருந்தன, நான்கு மூலைகளும் ஒரு மில்லிமீட்டருக்குள். அங்கே விரிசலுக்கு நசுங்கிய பைப் மட்டுமே காரணம் என்று நினைக்கிறோம். இன்னும் வெல்டிங் தொடங்கவில்லை.